ஒருவர் ஏன் பிரபலமானார் என்பதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு மாடியறையில், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் நடத்தி வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், பாடம் முடிந்து பிள்ளைகள் குடைகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இணையத்தில் பிரபலமான ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்து நின்றாள். "மிஸ், அந்த அக்காவுக்குப் பாடவும் தெரியாது, ஆடவும் தெரியாது, பேசுறதும் சுமார்தான். அப்புறம் ஏன் மிஸ் எல்லாரும் அவங்களையே பாக்குறாங்க? எங்க அண்ணன் எவ்வளவு நல்லா கபடி ஆடுறான், அவனை எங்க தெருவைத் தாண்டி யாருக்குமே தெரியாதே" என்றாள். காலம் அப்படி இருக்கிறது என்று ஏதோ சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். அது விடையாகாது என்பது அன்றிரவே எனக்கு உறுத்தியது. அதன்பின் சில வாரங்கள் அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வளரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டிலோ வகுப்பறையிலோ யாரும் இதைச் செய்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், நான்கைந்து வாரப் பொறுமை ஆகியவை இருந்தால் போதும்.

கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள்

"இவரிடம் என்ன திறமை இருக்கிறது?" என்று தொடங்கினால் எந்த இடத்துக்கும் போய்ச் சேர முடியாது. திறமை கூடக்கூடப் பெயரும் கூடும் என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருப்பதால், விடை கிடைக்காதபோது கோபம் மட்டுமே மிஞ்சுகிறது. அதற்குப் பதிலாக, "இவரைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை என்ற நிலை எனக்கு எப்படி வந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். இப்படிக் கேட்டதும் பார்வை அந்த ஒருவரை விட்டு விலகி, அவரை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த கைகளின் மேல் விழுகிறது. விடையும் அங்கேதான் இருக்கிறது.

இதற்குத் துணையாக இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. வள்ளுவர் புகழ் என்னும் அதிகாரத்தை ஒப்புரவறிதல், ஈகை ஆகிய அதிகாரங்களுக்கு அடுத்தபடியாக வைத்திருக்கிறார். கொடுத்தவனைப் பற்றிப் பெற்றவன் வாயாரச் சொல்வதே அன்று புகழாக இருந்தது. அது ஒரு மதிப்பீடு. இன்று நாம் பிரபலம் என்று சொல்வது ஒரு எண்ணிக்கை. எத்தனை பேருக்கு ஒரு முகம் தெரியும் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. எடைக்கல்லை வைத்துத் துணியை அளக்க முடியாதது போல, எண்ணிக்கையை வைத்து மதிப்பைக் கேட்க முடியாது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது, அவர்களுடைய ஆதங்கத்தில் பாதி அங்கேயே அடங்கியது.

முதல் தாள்

திறமை இல்லாமலே பிரபலமானவர் என்று பிள்ளைகள் கருதும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலரை ஒன்றாக எடுத்தால் பேச்சு சிதறிப்போகும். பிறகு ஒவ்வொருவரும் தங்கள் தாளில் மூன்று செய்திகளை எழுத வேண்டும்: அந்த நபரின் பெயரை அல்லது முகத்தை முதன்முதலில் எப்போது அறிந்தோம், யார் காட்டினார்கள், காட்டியவர் பாராட்டிக் காட்டினாரா பழித்துக் காட்டினாரா. பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்க்காமல் எழுதுவது முக்கியம்.

எங்கள் வகுப்பில் அன்று பதினெட்டுப் பேர் எழுதினார்கள். பாராட்டைக் கேட்டு அறிந்தவர்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் அனைவரும் யாரோ கேலி செய்ததையோ திட்டியதையோ கேட்டு, அப்படி என்னதான் செய்தார் என்று தேடிப் போய்ப் பார்த்தவர்கள். அவர்களில் ஐந்து பேரின் தாளில், காட்டியவர் என்ற இடத்தில் "மிஸ்" என்று எழுதியிருந்தது. இப்படிப்பட்டவர்களைப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று நான் வகுப்பில் பெயர் சொல்லிக் கண்டித்தது, அதுவரை அந்தப் பெயரையே கேட்டிராத ஐந்து பிள்ளைகளை அங்கே அனுப்பியிருக்கிறது. அந்தத் தாள்களைப் படித்த நாளிலிருந்து, கண்டிப்பதற்காகக்கூட யாருடைய பெயரையும் வகுப்பில் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

இங்கே பெரியவர்கள் விளக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. யூடியூப் 2012ஆம் ஆண்டில், எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்குப் பரிந்துரைகளில் முதன்மை கொடுக்கத் தொடங்கியது. அதன்பின் வந்த தளங்களும் பார்த்த நேரம், பகிர்வு, பின்னூட்டம் போன்றவற்றையே அளந்து, அடுத்து யாருக்கு எதைக் காட்டலாம் என்று முடிவு செய்கின்றன. வியந்து நின்ற அரை நிமிடமும் வெறுத்து நின்ற அரை நிமிடமும் அந்தக் கணக்கில் அரை நிமிடம்தான். "இதெல்லாம் ஒரு பிழைப்பா?" என்று எழுதியவர், அந்தக் காணொளியை இன்னும் சிலரின் திரைக்குத் தள்ளிவிட்டுத்தான் போகிறார்.

கூட்டம் கூட்டத்தைச் சேர்ப்பதைக் கண்ணால் காட்டுங்கள்

மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டு சிற்றுண்டிக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் முன் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள், மற்றொன்றில் இருவர். ரயிலிலிருந்து இறங்கி வரும் புதியவர் எந்தக் கடைக்குப் போவார் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடையைச் சொல்கிறார்கள். அவர் போய் நின்றதும் கூட்டம் பதின்மூன்றாகிறது. அடுத்து வருபவருக்கு அது இன்னும் வலுவான சாட்சி. முதல் பன்னிரண்டு பேர் இட்லியின் ருசிக்காக நின்றார்களா, அல்லது மழைக்கு அந்தக் கடையின் தகரக் கூரை வசதியாக இருந்ததால் நின்றார்களா என்று அதன்பின் யாரும் கேட்பதில்லை.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் தாங்களே உருவாக்கிய பத்து விடுகதைகளை எடுத்துக்கொண்டோம். ஒன்பது பேர் தங்களுக்குப் பிடித்ததை மடித்த சீட்டில் எழுதிப் போட்டார்கள். அவர்களின் வாக்குகள் ஆறு விடுகதைகளுக்குப் பிரிந்து விழுந்தன. மற்ற ஒன்பது பேர் ஒருவர்பின் ஒருவராகக் கரும்பலகைக்குப் போய், தங்களுக்குப் பிடித்த விடுகதையின் எதிரே கோடு போட்டார்கள். முதலில் போன பையன் தன் நண்பன் எழுதிய விடுகதைக்குக் கோடு போட்டான். இரண்டாமவன் அவனைப் பார்த்து அதற்கே போட்டான். முடிவில் ஒன்பதில் ஆறு கோடுகள் அந்த ஒரே விடுகதைக்கு விழுந்திருந்தன. சீட்டு எழுதிய குழுவில் அதே விடுகதைக்கு ஒரு வாக்குதான் கிடைத்திருந்தது.

பதினெட்டுப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது சரிதான். ஆனால் இதையே மிகப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 14,000க்கும் மேற்பட்டவர்கள் இணையத்தின் வழியாகக் கலந்துகொண்டார்கள். அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்கள் அவர்கள் முன் வைக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மற்றவர்கள் எதைப் பதிவிறக்கினார்கள் என்பது காட்டப்படவில்லை. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்கள் உலகில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதை மட்டும் பார்க்க முடிந்தது. பாடல்கள் அனைத்து உலகங்களிலும் அதே 48தான். ஆனாலும் பாடல்கள் பிடித்த இடங்கள் உலகுக்கு உலகு மாறின. தனித்துக் கேட்டவர்களின் மதிப்பீட்டில் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாடல், ஓர் உலகில் முதலிடத்தையும் மற்றோர் உலகில் 40ஆம் இடத்தையும் பிடித்தது. மிக நல்ல பாடல்கள் மிகவும் கீழே போவது அரிதாகவும், மிக மோசமானவை உச்சிக்கு வருவது அரிதாகவும் இருந்தன. இடைப்பட்டவற்றுக்கு எதுவும் நடக்கக்கூடும் என்ற நிலையே இருந்தது. பாடல்களைப் பதிவிறக்க எண்ணிக்கையின் வரிசையில் அடுக்கிக் காட்டியபோது ஏற்றத்தாழ்வு இன்னும் பெருகியது. நம் கைப்பேசித் திரையும் பலர் பார்த்ததைப் பெரும்பாலும் முன்னே தள்ளிக் காட்டுகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இந்த ஆய்வை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கள் வட்டாரத்தில் ஒருவன் பிரபலமாகித் தாங்கள் ஆகாமல் போனதைத் தங்கள் குறையாகவே எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். தொடக்கத்தில் தற்செயலாக விழுந்த இரண்டு கோடுகள் போதும் என்பதைக் கரும்பலகையில் பார்த்த பிறகு, அவர்கள் முகத்தில் ஒரு இறுக்கம் தளர்வதையும் பார்த்திருக்கிறேன்.

யார் வேலை செய்தார்கள் என்று தேடுங்கள்

மும்பையில் வாழ்பவர்களுக்கு இந்தப் படி மிகவும் எளிது, ஏனென்றால் பிரபலம் தயாராகும் இடத்துக்குப் பேருந்திலேயே போய்விடலாம். ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மேற்கு பாந்த்ராவுக்குப் போனேன். ஓர் உணவு விடுதியின் எதிரே ஏழெட்டுப் புகைப்படக்காரர்கள் தங்கள் பைக்குகளின் மேல் உட்கார்ந்து கட்டிங் சாய் குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடியில் தலைக்கவசங்கள் தொங்கின. ஒருவரின் கைப்பேசி சிணுங்கியது. அவர் அதைப் பார்த்துத் தலையசைத்ததும் எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு நிமிடத்தில் ஒரு கார் வந்தது. இறங்கிய இளம்பெண் நடைபாதையில் சற்று நின்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பிச் சிரித்துவிட்டு உள்ளே போனார். எல்லாம் சேர்ந்து இருபது நொடி இருக்கும்.

அதற்குள் நடைபாதையில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். காய்கறிப் பையுடன் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்தார். யார் அது என்று என் மாணவன் அவரிடம் இந்தியில் கேட்டான். "தெரியலையே பேட்டா, இத்தனை கேமரா நிக்குதே, யாரோ பெரிய ஆளாத்தான் இருக்கணும்" என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். புகைப்படக்காரர்களில் இளைஞராக இருந்தவரிடம் கேட்டோம். வந்த செய்தியில் இருந்த பெயரைத்தான் தனக்கும் தெரியும் என்று அவர் மறைக்காமல் சொன்னார். அவருடைய வேலை அப்படி; ஒரு நாளைக்குப் பல இடங்களுக்கு ஓடுகிறார், படத்தை உடனே அனுப்பியாக வேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விமான நிலைய வாசலிலும் உடற்பயிற்சிக் கூட வாசலிலும் தற்செயலாக எடுத்தது போல் வெளிவரும் படங்களில் பலவற்றுக்குப் பின்னால், நேரத்தையும் இடத்தையும் முன்கூட்டியே தெரிவிக்கும் விளம்பரக் குழு ஒன்று இருக்கிறது என்பதை இத்தொழிலில் இருப்பவர்களே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். ஆகவே இரண்டாவது தாளில், தேர்ந்தெடுத்த நபர் பிரபலமாக இருப்பதால் யார் யாருக்கு வருமானம் வருகிறது என்று எழுதச் சொல்லுங்கள். புகைப்படக்காரர், அவர் படத்தை வாங்கும் பக்கம், விளம்பரக் குழு, பொருளை விற்கும் நிறுவனம், தொலைக்காட்சி, தளம் என்று பட்டியல் நீளும். நெதர்லாந்தில் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய பிக் பிரதர் நிகழ்ச்சி, 2006ஆம் ஆண்டில் இந்தியில் பிக் பாஸாகவும் 2017ஆம் ஆண்டில் தமிழிலும் வந்தது. ஒரு வீட்டுக்குள் பலரை அடைத்து, நாளெல்லாம் படமெடுத்து, அதிலிருந்து ஒரு மணி நேர அளவுக்கு வெட்டி எடுத்துக் காட்டும் அந்த அமைப்புக்குப் பாடகரோ நடிகரோ கட்டாயத் தேவையில்லை. அடுத்த நாள் என்ன ஆகும் என்று நம்மை நினைக்க வைக்கும் மனிதர்கள் தேவை. அவர்கள் பேசப்படுவதற்காகவே உள்ளே அனுப்பப்படுகிறார்கள். அவர்களை யாரென்று நமக்குத் தெரிந்திருப்பது தற்செயல் ஆகாது.

முகம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்கே ஒரு வலிமை உண்டு. பொருளற்ற சொற்களையும் அறியாத மொழியின் எழுத்துகளையும் முகப்படங்களையும் அடிக்கடி காட்டினாலே அவற்றின் மேல் விருப்பம் கூடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968ஆம் ஆண்டில் எழுதினார். கணபதி விழாவின்போது மும்பைத் தெருக்களில் வாழ்த்துப் பேனர்களில் வரிசையாக நிற்கும் முகங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த முகங்களில் பலவற்றை அவர்களுக்கு அடையாளம் தெரியும். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

திறமைக்குப் பார்ப்பவரிடமும் கூலி உண்டு

மாணவியின் அண்ணனுக்கு இங்கேதான் விடை கிடைத்தது. கபடியில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரணிக்குள் போய்ப் போனஸ் கோட்டைத் தாண்டி மீள்வதன் அருமை, ஆட்டம் தெரிந்தவருக்குத்தான் புரியும். சயானில் சண்முகானந்தா அரங்கில் மூன்று மணி நேரம் கச்சேரி கேட்பவர், பல ஆண்டுகள் காதைப் பழக்கியிருக்கிறார். திறமையை ரசிப்பதற்கு ரசிப்பவரும் உழைக்க வேண்டியிருக்கிறது. இருவர் சண்டை போடுவதைப் பார்க்கவோ, ஒருவர் புதுச் சட்டையைக் காட்டுவதைப் பார்க்கவோ அப்படி எந்த முன்பயிற்சியும் வேண்டாம். எந்த ஊர்க்காரருக்கும் எந்த வயதினருக்கும் அது உடனே புரிந்துவிடும். ஆகவே அதைப் பார்க்கக்கூடியவர்களின் தொகை இயல்பாகவே பெரியது. அண்ணனின் ஆட்டத்தில் எந்தக் குறையும் இல்லை என்று அவளிடம் சொன்னபோது, அதை வீட்டுக்குப் போய் அவனிடமும் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவருக்கு ஒருதலையான நெருக்கம் உண்டாவதை டொனால்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1956ஆம் ஆண்டிலேயே, தொலைக்காட்சி வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், விளக்கி எழுதினார்கள். தாளிப்பு கருகிப்போனதை மறைக்காமல் காட்டி, "இன்னைக்கு இப்படி ஆயிடுச்சு" என்று சொல்பவரைப் பக்கத்து வீட்டு அக்காவாக நினைக்கத் தோன்றுகிறது. பெரிய வித்துவானிடம் அந்த உரிமை வருவதில்லை. சிலர் திறமை இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதனால் "ஒரு திறமையும் இல்லை" என்று தாளில் எழுதுவதற்கு முன், மறைந்திருக்கும் உழைப்பையும் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் நாள் தவறாமல் படமெடுத்து வெளியிடுவது, ஆயிரம் வசவுகளுக்குப் பிறகும் மறுநாள் வந்து நிற்பது, எந்த நேரத்தில் எதைப் பேசினால் எடுபடும் என்று அறிந்திருப்பது ஆகியவற்றைத் திறமை என்று சொல்ல மனமில்லை என்றால் விடாப்பிடி என்றாவது எழுதலாம். அது நாம் எதிர்பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவே.

பிறப்பாலும் திருமணத்தாலும் வரும் பிரபலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னவர் சேர்த்த கூட்டம் பின்னவருக்குச் சொத்தாக வருகிறது. கேடு செய்து பெயர் தேடுபவர்களும் உண்டு. கி.மு. 356ஆம் ஆண்டில் எபேசஸ் நகரில் ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குத் தீ வைத்த ஹெரோஸ்ட்ராட்டஸ், பெயருக்காகவே அதைச் செய்ததாகக் கூறப்படுகிறது. அவன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று நகரத்தார் ஆணையிட்டும் பெயர் தங்கிவிட்டது.

முட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்

மூன்றாவது தாளில், அந்தப் பிரபலத்தைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, என்ன மிஞ்சும் என்று எழுத வேண்டும். இது வெறும் கற்பனையாகத் தோன்றினால் 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஐ நினைவூட்டுங்கள். டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு மத்திய அரசு அன்று தடை விதித்தது. லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த இளைஞர்கள் பலரின் மேடை ஒரே இரவில் இல்லாமல் போனது. எங்கள் தெருவிலும் அப்படி ஒருவன் இருந்தான். அவனுடைய நடனம் அவனிடமே இருந்தது, பார்த்தவர்கள் மட்டும் அவனிடம் இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒருபோதும் அவனுடையவர்களாக இருந்ததில்லை. பிரபலமாக வேண்டும் என்று சொல்லும் பிள்ளையிடம் மேடை யாருடையது என்று கேட்கப் பழக்குங்கள்.

2025ஆம் ஆண்டு ஜனவரியில் பிரயாக்ராஜ் மகா கும்பமேளாவில் மாலை விற்ற ஓர் இளம்பெண்ணின் கண்களை யாரோ படமெடுத்து வெளியிட, நாடே அவளைப் பார்த்தது. அவள் எதையும் கேட்கவில்லை. மாலை வாங்க வந்தவர்களைவிடச் செல்ஃபி எடுக்க வந்தவர்கள் பெருகி, விற்பனை கெட்டு, அவள் ஊருக்குத் திரும்ப நேர்ந்தது. பின்னர் அவளைத் தேடி வாய்ப்புகள் வந்தன என்பது உண்மைதான். ஆனால் அந்த மேளாவில் அவளுடைய குடும்பத்தின் பிழைப்பைக் கெடுத்தது அந்தக் கூட்டம்தான். இந்தப் பகுதியைப் படித்துக் காட்டியபோது வகுப்பு அமைதியாக இருந்தது.

பணம் எங்கே மாறுகிறது என்பதையும் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021ஆம் ஆண்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் கொடுத்தது. ஒரு வாரம் பார்த்த காணொளிகளில் அந்தக் குறிப்பு எங்கெங்கே இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில் எங்கே இல்லை என்று குறித்து வரச் சொன்னால் பிள்ளைகள் மிகக் கூர்மையாகப் பார்க்கிறார்கள்.

மூன்று தாள்களையும் தேதியிட்டு ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து, முன்னறிவிப்பு ஏதும் செய்யாமல், தாங்கள் தேர்ந்தெடுத்த நபரின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தரும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். பிறகு கோப்பைத் திறந்து ஒப்பிடுங்கள். எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பேரில் எழுவருக்குப் பெயர் நினைவில் இல்லை. நினைவிருந்தவர்களிடம், அந்த நபர் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டு, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.